மானியம் இருக்கட்டும், முதலில் பில் பணம் வரட்டும்

சிறுதொழிலுக்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்டால் உடனே திட்டங்களின் பெயர்கள் வரிசையாக வரும். முத்ரா, பிஎம்இஜிபி, நம் மாநிலத்தின் நீட்ஸ். நான் குறை சொல்ல மாட்டேன். நீட்ஸில் கிடைக்கும் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிறவருக்குப் பெரிய விஷயம். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் கடை திறப்பதற்கு. திறந்து ஐந்து வருடம் ஆனவர் எங்கே திணறுகிறார் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் இரண்டு லேத் போட்டு பம்ப் உதிரிபாகம் செய்து கொடுக்கிறவர்களுக்கு நான் கணக்கு பார்க்கிறேன். ஆர்டர் இருக்கிறது, பணம்தான் வெளியே நிற்கிறது. சரக்கு போய் மூன்று மாதம், நான்கு மாதம் ஆனாலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பதுதான் பதில். அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை மட்டும் இவர் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். சனிக்கிழமை ஆனால் ஆட்களுக்குக் கூலி. வேறு வழியில்லாமல் வெளியே வட்டிக்கு வாங்குகிறார். ஆக, சின்னவர் வட்டி கட்டி, பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி பில் பணம் கொடுப்பது 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வாங்கியவர் வட்டி கட்ட வேண்டும்: ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கென்றே சட்டப்படி மாநில அரசு அமைத்திருக்கும் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 90 நாளில் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். படித்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா? நான் கணக்கு பார்க்கிறவர்களில் யாரும் கொடுக்கத் துணிவதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.

உண்மையில் வேலை செய்தது வேறொன்று. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது, அந்தத் தொகைக்கும் வரி கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் பழைய பாக்கிகள் தானாக வந்து விழுந்ததைப் பார்த்தேன். சின்னவர் வாயே திறக்கவில்லை, பெரியவரின் ஆடிட்டரே கேட்டார். வாங்குகிற சில பார்ட்டிகள் "உத்யம் பதிவை (சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்கிற பதிவு) ரத்து செய்துவிடு" என்று மிரட்டியதும் நடந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அரசு இதே வழியில் இன்னும் கொஞ்சம் போகலாம். சப்ளையருக்கு 180 நாளில் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் தன் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை (அந்தச் சரக்குக்கான ஜிஎஸ்டி) திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. உத்யம் பதிவு உள்ளவர்களுக்காவது அந்த 180-ஐ 45 ஆக்குங்கள். புதிய திட்டமும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். அப்புறம், அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் பாக்கியை முதலில் தீர்க்கட்டும்.

அதுவரை பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்கு: உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். வியாபாரி என்று பதிந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, உற்பத்தி அல்லது சேவை என்று பதிந்திருக்கிறதா பாருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 45 நாள்கூட இல்லை, 15 நாள்தான். வாங்குகிற பல பார்ட்டிகளுக்கே இது தெரியாது.