மாங்கொட்டைக் கரியும் போர் தண்ணியும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேதியியல் கருத்தரங்கு என்றால் புளோரைடு நீக்கம் பற்றி ஒரு உரையாவது இருக்கும். இருக்கத்தான் வேண்டும். நம் பாறையில் இருக்கும் பயோடைட், அபடைட் என்ற கனிமங்கள் நிலத்தடித் தண்ணியில் புளோரைடை விடுகின்றன. பைகார்பனேட் கூடி கால்சியம் குறைந்த தண்ணியில் அது படியாமல் கரைந்தே நிற்கிறது. பிள்ளைகள் பல்லில் கறையாகத் தெரிவது அதுதான். அதைப் பிடித்து நீக்க மாங்கொட்டைக் கரி, புளியங்கொட்டை ஓடு, அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பூசிய கரி என்று மாணவர்கள் உழைப்பதை மதிக்கிறேன். ஆனால் திரையில் காட்டும் எண் ஊருக்கு உதவும் எண்ணாக இல்லை.

தண்ணியில் இருக்கும் அளவுக்கு ஏற்ப கரி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்வது லேங்மூர் சமன்பாடு. அதில் வரும் உச்சக் கொள்திறனை, அதாவது ஒரு கிராம் கரி அதிகபட்சம் பிடிக்கும் புளோரைடு அளவைப், பெரிய எழுத்தில் போடுகிறார்கள். லிட்டருக்கு 100 மி.கி. வரை புளோரைடு கலந்து எடுத்த அளவு அது. நமக்கு வேண்டியது, தண்ணியில் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 1.5 மி.கி. மிஞ்சும்போது கரி எவ்வளவு பிடித்திருக்கும் என்பது. கிராமுக்கு 10 மி.கி. உச்சம், கரியின் ஈர்ப்பைச் சொல்லும் லேங்மூர் மாறிலி 0.1 என்று வையுங்கள். 1.5-ல் அது பிடிப்பது வெறும் 1.3 மி.கி. லிட்டருக்கு 4 மி.கி. உள்ள 10 லிட்டர் குடத்துத் தண்ணியை 1.5-க்குக் கொண்டுவர 25 மி.கி. எடுக்கணும். உச்சத்தை நம்பினால் இரண்டரை கிராம் கரி போதும். உண்மையில் 19 கிராம் வேண்டும்.

அடுத்தது இயக்கவியல், அதாவது கரி எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பது. போலி இரண்டாம் படி என்ற வேகச் சமன்பாட்டின் வரைபடத்தில் ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு பொருந்தும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.999 என்று காட்டுவார்கள். அந்த வரைபடத்தில் நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. சமநிலைக்குப் பிறகு எடுத்த புள்ளிகள் நிறைய இருந்தால் எந்தக் கரியைப் போட்டாலும் நேர்கோடுதான் வரும். அதை வைத்து 'வேதிப் பிணைப்பு' என்று முடிவு கட்டக் கூடாது. முதல் அரை மணியில் நெருக்கமாகப் புள்ளி எடுத்து, நேர்கோடாக்காமல் பொருத்திப் பாருங்கள்.

காய்ச்சி வடித்த நீரில் சோதனை செய்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஊர் தண்ணி போல ஆக்க, அதில் லிட்டருக்கு 413 மி.கி. சோடியம் பைகார்பனேட் போட்டால் 300 மி.கி. பைகார்பனேட் கிடைக்கும், பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும். அலுமினாவுக்கு உகந்தது 5 முதல் 6. அதே கரியை இதில் போட்டுப் பாருங்கள், கொள்திறன் இறங்கும். பைகார்பனேட் இடத்துக்குப் போட்டி போடுகிறது, பரப்பின் நேர் மின்சுமையும் குறைகிறது.

அளவீட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கரியிலிருந்து கசியும் அலுமினியம் புளோரைடைக் கட்டிக்கொண்டால் புளோரைடை அளக்கும் எலக்ட்ரோடு அதைப் பார்க்காது. நீங்கியதுபோல் அளவு குறைந்து காட்டும். சரிபாதி டிசாப் (அளவீட்டுக்கு முன் பி.எச்.-ஐயும் அயனி வலிமையையும் சீராக்கும் கரைசல்) கலந்து, அது அலுமினியத்தைப் பிரிக்கும் வரை பொறுத்து, பிளாஸ்டிக் பீக்கரில் அளக்கணும். டிசாப்பில் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் சி.டி.டி.ஏ. இருக்கிறதா என்று புட்டியில் பாருங்கள்.

கருத்தரங்கு நடத்துகிறவர்கள் சுருக்கம் வாங்கும்போதே இரண்டு எண் கேட்கலாம்: ஊர் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணியில் 1.5-ல் கொள்திறன், வடிந்த தண்ணியில் மிஞ்சிய அலுமினியம். இரண்டாவது லிட்டருக்கு 0.2 மி.கி.யைத் தாண்டினால் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கொடுக்க முடியாது.