ஆயிஸ்டர் பே வரை போன குழந்தைகள்
அமெரிக்கத் தொழிலாளர் தலைவர் மதர் ஜோன்ஸ் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, குழந்தைத் தொழிலாளர்களோடு அவர் நடத்திய 1903 நடைப்பயணத்தை ஒரே வரியில் கடந்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம். வாரத்துக்கு 60 மணி நேர வேலையை 55 ஆகக் குறைக்கக் கேட்டுப் பிலடெல்பியா நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரத்தில் விரல் இழந்த சிறுவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஜூலை வெயிலில் நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டார் அந்த மூதாட்டி. நியூயார்க் அருகே ஆயிஸ்டர் பேயில் இருந்த தன் வீடு தேடி வந்தவர்களை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சந்திக்கவே இல்லை. என்ன கல்நெஞ்சம்! 1867இல் மஞ்சள் காய்ச்சலுக்குக் கணவரையும் நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் மதர் ஜோன்ஸ். ஊரார் பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கினார். குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தி, நீதிமன்றத்திலும் நிலைத்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1938இல்தான் வந்தது. மதர் ஜோன்ஸ் 1930இலேயே மறைந்துவிட்டார்.