கைதிகளுக்காகக் கலீஃபாவுக்கு எழுதிய காழி

சட்ட அறிஞர் இமாம் அபூ ஹனீஃபா காழி (நீதிபதி) பதவியை மறுத்ததை ஜும்ஆ பயான்களில், அதாவது வெள்ளிக்கிழமை உரைகளில், நிறையக் கேட்டிருப்போம். கலீஃபா மன்சூர் வற்புறுத்தியும் ஏற்கவில்லை, சிறையில் அடைக்கப்பட்டார், 767இல் பாக்தாதில் மறைந்தார். கேட்கும்போதெல்லாம் உடல் சிலிர்க்கும். ஆனால் சிலர் அதோடு நிறுத்துவதில்லை. அவருடைய மாணவர் அபூ யூசுஃப் அரண்மனைப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இராக்கின் கூஃபா நகரத்து ஏழைப் பையன் அபூ யூசுஃப். ஆசிரியரே பணம் கொடுத்துப் படிக்க வைத்தார் என்கின்றன வரலாற்று நூல்கள். அதற்காக ஆசிரியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. நிலத்தை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விடுவது கூடாது என்றார் அபூ ஹனீஃபா. கூடும் என்றார் மாணவர். தமிழ்நாட்டு ராவுத்தர்கள் உட்பட நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (அபூ ஹனீஃபா வழிவந்த சட்டப் பள்ளியில்) நிலைத்தது மாணவரின் சொல்தான்.

கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் அபூ யூசுஃப் தலைமைக் காழி ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆள் அவரே. கலீஃபாவுக்கு வசதியாகத் தீர்ப்பு சொன்னார் என்ற கதைகளும் உண்டு. எனக்குக் கதைகளை விட அவர் எழுதியது முக்கியம்.

ஹாரூன் கேட்டதற்காக எழுதிய நூல் கிதாபுல் கராஜ். நிலவரி பற்றியது. விளைந்தாலும் காய்ந்தாலும் ஒரே வரி என்பதை விட்டுவிட்டு விளைச்சலில் பங்கு வாங்குங்கள், வரிக்காகக் குடிமக்களை அடிக்காதீர்கள் என்கிறார். சரி, இதையாவது ஓர் அரசு அதிகாரி சொல்லக்கூடும். கைதிகளைப் பற்றி எழுதிய இடம்தான் என்னை உலுக்கியது. அன்று கைதிகளைச் சங்கிலியோடு தெருவுக்கு அனுப்பிப் பிச்சை எடுக்கவிடும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்தச் சொல்கிறார். பைத்துல்மாலிலிருந்து (பொதுக் கருவூலத்திலிருந்து) மாதாமாதம் படிப்பணம் கொடுங்கள், குளிருக்கும் வெயிலுக்கும் தனித்தனியே உடை கொடுங்கள், நாதியில்லாமல் இறந்தவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு (சவத்துணி போர்த்தி) அடக்குங்கள் என்கிறார். அப்புறம், சிறை நிரம்பிக் கிடப்பதற்குக் காரணம் அவர்கள் வழக்கை யாரும் பார்க்காததே என்று கலீஃபாவிடமே எழுதுகிறார்.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் விசாரணைக் கைதிகள். அதனால்தான் இந்தப் பக்கங்கள் எனக்குப் பழைய ஏடாகத் தெரியவில்லை.

பதவியை மறுத்தவரின் தியாகத்தை யாரும் குறைக்க முடியாது. ஆனால் எல்லா ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) விலகியே நின்றிருந்தால், அந்தக் கைதிகளுக்காக அரண்மனைக்குள் யார் பேசியிருப்பார்? நம் மத்ரஸாக்களில் ஒளூ (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்), தொழுகைச் சட்டங்களோடு இந்த அத்தியாயத்தையும் பிள்ளைகளுக்கு நடத்த வேண்டும். உஸ்தாதுகள் (ஆசிரியர்கள்) யாராவது ஏற்கெனவே நடத்துகிறீர்கள் என்றால், எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.