ஒரு வாய் சாப்பிட்டா ஆகும்

எங்க வீட்டுப் பெருநாள் விருந்துக்கு வந்துட்டுப் போனவங்க பேசின அந்த வாய்ஸ் நோட்டை இந்நேரம் எல்லாரும் கேட்டிருப்பீங்க. கீழக்கரையில் கிளம்பி துபாய் வரைக்கும் போயிட்டு எனக்கே திரும்பி வந்திருச்சு. "பெருநாள்னு போனோம், ஆஸ்பத்திரிச் சோறு ஆக்கி வச்சிருக்காங்க. அந்தப் புள்ளைய ஒரு வாய் தொதல் திங்க விடல." அந்தப் புள்ள என் தங்கச்சி, குடல் நோய் உள்ளவ. தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுற நம்ம ஊர் இனிப்பு. பேசினவங்க பேரை எழுத மாட்டேன். எங்க நெய்ச்சோத்தை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவங்க, அது மட்டும் சொல்லிக்கிறேன்.

அன்னைக்கு அடுப்பில் இருந்தது ரெண்டு சட்டி. விருந்தாளிகளுக்கு வழக்கம்போல 1 கிலோ சீரகச்சம்பாவுக்குக் கால் கிலோ நெய். தங்கச்சிக்குத் தனியா, 1 டம்ளர் அரிசிக்கு 3 டம்ளர் தண்ணி, 1 ஸ்பூன் நெய், ரம்பை இலை. பட்டையும் ஏலமும் துணியில் முடிஞ்சு போட்டு, வெந்ததும் எடுத்துடணும். பூண்டை முழுப்பல்லா எண்ணெயில் வதக்கி அரிச்செடுத்துட்டு அந்த எண்ணெயில்தான் தாளிப்பு. பூண்டுல வயித்தை ஊத வைக்கிற சத்து தண்ணியில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசம் மட்டும் எண்ணெயில் இறங்கும். பூண்டை எடுக்கிறதுக்கு முன்னாடி அவசரத்தில் கையளவு தண்ணி தெளிச்சீங்கன்னா பட்ட பாடு வீண். கறி, தொடைக்கறி. முந்தின நாளே வேக வச்சு ஃப்ரிட்ஜில் வச்சா கொழுப்பு மேல வெள்ளையா உறைஞ்சு நிக்கும். அதை வழிச்சு எறிஞ்சுட்டு மறுபடி கொதிக்க விடணும். மிளகாய் கிடையாது.

வட்டலப்பமும் இருந்துச்சு. 4 முட்டை, ரெண்டாம் தேங்காய்ப்பால் முக்கால் டம்ளர், சீனி, ஏலப்பொடி. முந்திரி அரைச்சு ஊத்தல. துணியில் வடிகட்டி, மூடியில் துணி கட்டி, சின்னத் தீயில் 20 நிமிஷம். தீ கூடினா ஓட்டை ஓட்டையாப் பொங்கித் தண்ணி விட்டுடும். எந்த ஆஸ்பத்திரியில் வட்டலப்பம் போடுறாங்கன்னு சொல்லுங்க, குடும்பத்தோட அட்மிட் ஆகிடுறோம்.

"ஒரு வாய்தானே, என்ன ஆகிடப் போகுது?"

ஆகும். அவளுக்கு இருக்கிறது க்ரோன்ஸ். வாயு இல்ல, சூடு இல்ல, நேரத்துக்குச் சாப்பிடாததால வந்த அல்சரும் இல்ல. உடம்போட எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குது. புண் ஆறி ஆறித் தழும்பு கட்டி, சிறுகுடல் முடியிற இடத்தில் வழி சுருங்கிக் கிடக்கு. அங்க தேங்காய்ப்பூவோ முந்திரியோ சிக்கினா வயிறு கல்லாட்டம் ஆகி, வாந்தி நிக்காம வரும். போன ஹஜ்ஜுப் பெருநாளில் ஒரு மாமி பாசத்தோட முந்திரி போட்ட தொதலை ஊட்டி விட்டாங்க. அதே ராத்திரி ராமநாதபுரத்தில் மூக்கில் குழாயோட படுத்திருந்தா. மாமி மறுநாள் பாக்க வந்தாங்க, மறக்காம ஆப்பிள் வாங்கிட்டு.

அதனால திரும்பவும் சொல்றேன். ஒரு வாய் சாப்பிட்டா ஆகும்.

கருப்பட்டி மருந்துதானேன்னு ஒரு கேள்வி. கருப்பட்டியும் சர்க்கரைதான். அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்துச்சான்னு இன்னொண்ணு. டாக்டர் க்ரோன் 1932-லேயே எழுதி வச்ச நோய் இது. நோன்பு வச்சா குடல் சுத்தமாகிடும்னு சொல்றவங்களுக்கு, குர்ஆன் 2:184, 185-ல நோயாளிக்குச் சலுகை இருக்கு. அல்லாஹ் கொடுத்ததை நீங்க ஏன் பிடுங்குறீங்க?

ஒருத்தர் மட்டும் நியாயமாக் கேட்டார், "என் மச்சானுக்கும் இதே நோய், பிரியாணியே சாப்பிடுறாரே?" சாப்பிடலாம். நோய் அடங்கி இருக்கிறப்போ, சுருக்கம் இல்லாதவங்களுக்கு நிறையவே ஒத்துக்கும். மேல எழுதினது இவ சட்டி. உங்க வீட்டில் என்ன ஒத்துக்குது, ஒத்துக்கலன்னு நோட்டு போட்டு எழுதுங்க, அதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

மத்தபடி வர்றவங்க எல்லாரும் வைத்தியர்தான். "முகம் என்ன இப்படி ஊதிப் போச்சு, அந்த மாத்திரையத் தூக்கிப் போடு." அது ஸ்டீராய்டு. நாள்பட எடுத்தவங்க டாக்டரைக் கேக்காமச் சட்டுனு நிறுத்தினா, தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி உடனே எந்திரிக்காது. பிரஷர் விழுந்து உயிருக்கே வினையாகும். மூட்டு வலின்னு சொன்னா கைப்பையில் இருந்து டைக்ளோஃபெனாக் எடுத்து நீட்டுறாங்க. அந்த வலி மாத்திரையே நோயைக் கிளப்பி விடக்கூடியது.

வாய்ஸ் நோட்டைக் கடைசி வரைக்கும் கேட்டீங்களா? "இந்தப் புள்ளைய எவன் கட்டுவான்"னு ஒரு பெருமூச்சு. அவ போனுக்கும்தான் அது வந்துச்சு. ஹெட்செட் மாட்டிக் கேட்டா. ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் விருந்துச் சட்டி கழுவினா. உங்க கைபட்ட தட்டும் அதுல இருந்துச்சு. சோத்தைப் பத்திப் பேசினா சோத்தோட நிறுத்தியிருக்கலாம், இல்லையா? அவளுக்கு யார் வேணும் வேணாம்னு அவ பாத்துக்குவா. உங்க வீட்டு மாப்பிள்ளைகளை நாங்க கேக்கல.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வாங்க, வராதீங்கன்னு சொல்லல. கால் கிலோ நெய் அப்படியே இருக்கும். அவ தட்டில் மட்டும் யாரும் கை வைக்க வேணாம். கொல்லைப்பக்க பாத்ரூம் பூட்டியிருக்கும், சாவி அவகிட்ட. அவசரம் வந்தா அவளால ரெண்டு நிமிஷம்கூடத் தாங்க முடியாது. உங்களுக்கு மாடியில் ஒண்ணு இருக்கு, வரிசையில நில்லுங்க.