உண்டியலை யாரிடம் நீட்டுகிறோம்?

மூன்று நாளைக்கு முன் இன்பாக்ஸில் ஒரு செய்தி. "அக்கா, நாங்க காலேஜில ஒரு உலக சுகாதாரக் குழு ஆரம்பிச்சிருக்கோம். காசநோய் மருந்துக்காக நிதி திரட்டுறோம். உங்க பக்கத்துல பகிர முடியுமா?" கூடவே ஒரு போஸ்டர். கருப்புப் பின்னணியில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, கீழே க்யூஆர் கோடு.

பகிர்ந்துவிட்டுப் போயிருக்கலாம், அரை நிமிட வேலை. ஆனால் போஸ்டரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கிட்டத்தட்ட அதே போஸ்டரை ஒருகாலத்தில் நானும் செய்திருக்கிறேன்.

படிக்கிற நாட்களில் நானும் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க மலேரியா கொசுவலைக்காகப் பணம் சேர்த்தோம். ஓட்டம், பாட்டு நிகழ்ச்சி, டி-ஷர்ட், எல்லாம் உண்டு. கடைசி நாள் இரவு விடுதி அறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, உண்டியலைக் கவிழ்த்து, நாலு பேர் உட்கார்ந்து சில்லறை பிரித்தோம். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. காசு வாடை கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. சில்லறைக்கு நடுவே இரண்டு சட்டைப் பித்தான், எந்த நாட்டுக் காசு என்றே தெரியாத ஒரு நாணயம், "நல்லா இருங்க" என்று எழுதி மடித்த ஒரு துண்டுக் காகிதம். டி-ஷர்ட் அச்சடித்த செலவையும் ஒலிபெருக்கி வாடகையையும் கழித்துப் பார்த்தபோது யாரும் பேசவில்லை. சேர்ந்த பணத்தில் பாதிக்கு மேல், சேர்ப்பதற்கே செலவாகியிருந்தது. கணக்கு எழுதிய தோழிதான் கடைசியில் வாய் திறந்தாள்: "டி-ஷர்ட் வாங்கின காசை அப்படியே உண்டியல்ல போட்டிருந்தா இதைவிட அதிகமா வந்திருக்கும்." நாலு பேரும் அந்த டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தோம்.

இதைச் சொல்வதால் மாணவர்கள் நிதி திரட்டுவதே வீண் என்று சொல்ல வருகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொசுவலை உண்மையிலேயே உயிர் காக்கிற பொருள். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா பாதிப்புகள் சுமார் 66 கோடி என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு கொசுவலையால்தான் என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1938இல் போலியோவுக்காக ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் ஒன்றை வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார்கள். சாக்கு சாக்காகத் தபால் குவிந்தது. அந்த இயக்கம் சேர்த்த பணத்தில்தான் ஜோனாஸ் சால்க்கின் ஆராய்ச்சி நடந்தது, 1955இல் தடுப்பூசி வந்தது. சில்லறைக்கு அந்தச் சக்தி உண்டு. அதை மறுக்கவில்லை.

என் குறை வேறு. நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்க உண்டியலை நீட்டியது யாரிடம்? எங்களைப் போலவே பாக்கெட்டில் ஒன்றும் இல்லாத மற்ற மாணவர்களிடம். கொசுவலைக்கும் மருந்துக்கும் விலையை முடிவு செய்கிறவர் யார், ஏழை நாடுகளுக்குப் போகிற உதவித் தொகையைக் கூட்டிக் குறைக்கிறவர் யார், இந்தக் கேள்வி எங்கள் கூட்டம் ஒன்றில்கூட வரவில்லை. டி-ஷர்ட் என்ன நிறம் என்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம் போட்டோம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 2001இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தெரியாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஸ்டாவுடின் என்று ஒரு எச்ஐவி மருந்து. அது எச்ஐவிக்கு எதிராக வேலை செய்யும் என்று கண்டறிந்தது யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முக்கியமாக வில்லியம் புருசாஃப் என்ற மருந்தியல் பேராசிரியரும் அவரோடு வேலை செய்த டாய்-ஷுன் லின்னும். காப்புரிமை யேலிடம். தயாரித்து விற்கும் உரிமையைப் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ராயல்டியாக ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் வந்தது. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸால் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து இருந்தது, வாங்கத்தான் யாராலும் முடியவில்லை.

2001 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்கு ஒரு கடிதம் எழுதியது. தென்னாப்பிரிக்காவில் இந்த மருந்தின் ஜெனரிக்கை, அதாவது வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் அதே மருந்தைப் பயன்படுத்த அனுமதிப்பீர்களா என்று. உரிமையை ஏற்கெனவே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பெரிய இடத்துப் பதில் எப்போதும் இப்படித்தான் இருக்கும். யாரைக் கேட்டாலும் அடுத்த மேசையைக் காட்டுவார்கள்.

இதை விடாமல் பிடித்துக்கொண்டது ஏமி கப்சின்ஸ்கி என்ற சட்ட மாணவியும் அவரோடு சேர்ந்த சில மாணவர்களும். உண்டியல் ஏந்தவில்லை. மனு எழுதினார்கள், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கையெழுத்து வாங்கினார்கள், பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்கள். முக்கியமாக, மருந்தைக் கண்டறிந்த புருசாஃபிடமே போனார்கள். அவரும் மாணவர்கள் பக்கம் நின்றார். ஏழை நாடுகளுக்கு அதை இலவசமாகக் கொடுங்கள், இல்லையென்றால் மலிவாகத் தயாரிக்க விடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். கண்டுபிடித்தவரே இப்படிச் சொன்ன பிறகு பல்கலைக்கழகத்துக்கு என்ன வாய் இருக்கும்? மார்ச் மாதத்திலேயே தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. கடிதத்துக்கும் அறிவிப்புக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மாதம்தான். பிறகு மருந்தின் விலை கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்காக இறங்கியது.

(ஒரு குறிப்பு: ஸ்டாவுடினுக்குப் பக்கவிளைவு அதிகம். கை கால் நரம்பு பாதிக்கும், முகத்தில் கொழுப்பு கரையும். 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லிவிட்டது. அதனால் இது ஓர் அற்புத மருந்தின் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்குக் கையில் இருந்த மருந்து, அவ்வளவுதான்.)

எல்லாம் அந்த மாணவர்களால்தான் என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. அதே பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எச்ஐவிக்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்களிடம் சொல்லி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அதுவரை அதன் விலை பத்தாயிரம் டாலருக்கும் மேல். தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளே தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். காற்று அந்தத் திசையில் வீசிக்கொண்டிருந்தது. ஆனால் யேலின் கதவை உள்ளே இருந்து தட்ட மாணவர்களால் மட்டும்தான் முடிந்தது. வெளியிலிருந்து வருகிற கடிதத்தைக் கோப்பில் வைத்து மூடிவிடலாம், தினமும் வளாகத்தில் எதிரே வருகிற மாணவியை என்ன செய்வது?

அந்த முயற்சியிலிருந்துதான் 'யுனிவர்சிட்டீஸ் அலைட் ஃபார் எசென்ஷியல் மெடிசின்ஸ்' என்ற மாணவர் அமைப்பு பிறந்தது. பொதுப் பணத்தில் பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கிற மருந்து ஏழை நாடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும், அதை உரிமம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுது என்பதுதான் அவர்கள் கேட்பது. 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அப்படி ஒரு கொள்கையை ஏற்றது. கேட்பதற்குச் சலிப்பூட்டுகிற விஷயம். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அதற்கு யாரும் டி-ஷர்ட் போட மாட்டார்கள்.

'அட்வகசி' என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அது இதுதான். கேட்க வேண்டியவரிடம் போய், பதில் வரும் வரை திரும்பத் திரும்பக் கேட்பது.

காசநோய்க்கு வருகிறேன், அந்தத் தங்கை எடுத்திருப்பதும் அதைத்தானே. 2023இல் மட்டும் காசநோயால் இறந்தவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். குணப்படுத்தக்கூடிய நோய். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பெடாக்விலின் என்ற மாத்திரை 2012 கடைசியில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு அத்தகைய நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் ஊசி போடுவார்கள், பலருக்குக் காது போய்விடும். தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவுக்கும் மும்பையின் நந்திதா வெங்கடேசனுக்கும் அப்படிக் காசநோய் சிகிச்சையில்தான் செவித்திறன் போனது. இரண்டு பேருக்கும் அப்போது இளவயது. இந்த இருவரும் சேர்ந்து, பெடாக்விலினின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் இந்தியாவில் போட்ட விண்ணப்பத்தை எதிர்த்து மனு போட்டார்கள். மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது, அதே மருந்தின் வேறொரு வேதி வடிவத்தை (உப்பு வடிவம் என்பார்கள்) காட்டி 2027 வரை கேட்டது நிறுவனம். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே ஆண்டு ஜெனரிக் வந்து, ஆறு மாத சிகிச்சைக்கான மாத்திரை உலகளாவிய கொள்முதலில் 130 டாலருக்கு இறங்கியது. அதற்கு முன்பு 289 டாலர்.

எந்த உண்டியல் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்திருக்கும், சொல்லுங்கள்.

பணம் என்று பார்த்தாலும் பெரும்பணம் அரசுகளிடம்தான். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்துக்கு 2022இல் நாடுகளும் மற்றவர்களும் ஒப்புக்கொண்ட தொகை 1,570 கோடி டாலர். 2003இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 1,500 கோடி டாலர். 2025 ஜனவரியில் ஒரே கையெழுத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டபோது, எத்தனையோ நாடுகளில் சிகிச்சை மையங்கள் கதவைச் சாத்தின. உலகத்தில் உள்ள எல்லாக் கல்லூரி உண்டியலையும் கவிழ்த்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஆனால் உண்டியல் ஏந்திய அதே மாணவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், அலுவலகத்துக்கு நேரில் போய் உட்காரலாம்.

அந்தப் புகைப்படம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போஸ்டரிலும் ஒரு குழந்தை இருந்தது. இணையத்தில் தேடி எடுத்தது. யாருடைய குழந்தை, உயிரோடு இருக்கிறதா, அதன் அம்மாவிடம் யாராவது கேட்டார்களா, எதுவும் தெரியாது. அதைப் பார்த்து எங்கள் வகுப்பில் இருந்த ஒரு வெளிநாட்டு மாணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்க வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தா இப்படி ஒரு படம் எடுத்து ஒட்டுவீங்களா?" நான் அன்று ஏதோ சமாளித்தேன். இன்று வரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

நார்வேயில் மாணவர்களும் கல்வியாளர்களும் நடத்துகிற ஓர் உதவி அமைப்பு உண்டு, சாய் என்று பெயர். செமஸ்டர் கட்டணத்தோடு மாணவர்கள் விருப்பப்பட்டால் சிறு தொகை சேர்த்துக் கட்டுகிற ஏற்பாடு அவர்களுடையது. உண்டியல் குலுக்க வேண்டியதே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. 2012இல் இவர்கள் ஒரு காணொளி எடுத்தார்கள். குளிரில் நடுங்கும் பாவப்பட்ட நார்வே மக்களுக்காக ஆப்பிரிக்கர்கள் எல்லாரும் சேர்ந்து உருக்கமாகப் பாடி, அறை சூடேற்றும் கருவிகளைச் சேகரித்து அனுப்புகிறார்கள்! முதலில் சிரிப்பு வரும், அப்புறம் உறைக்கும். பனியை மட்டுமே காட்டி நார்வே இதுதான் என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படித்தான் நாம் மற்றவர்களைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஒரு மாற்றுக் கருத்து வரும், எனக்கே தெரியும். "படம் போடாவிட்டால் பணம் வராது." வரலாம், வராமலும் போகலாம். 2005இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கிய ஃபேஸ் எய்ட்ஸ் அமைப்பு, ஆப்பிரிக்காவில் எச்ஐவியோடு வாழ்கிறவர்கள் கையால் கோத்த பாசிமணிச் சின்னங்களை விற்றது. கோத்தவருக்குக் கூலி, விற்ற பணம் ருவாண்டாவில் சிகிச்சைக்கு. அழுகிற குழந்தை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. அந்தச் சின்னத்தைச் சட்டையில் குத்தியவரிடம் யாராவது "இது என்ன?" என்று கேட்டால், அங்கிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும்.

சரி, அந்தத் தங்கைக்கு என்ன பதில் போட்டேன்? நிதி திரட்டுங்கள், தப்பே இல்லை என்றேன். யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது, செலவு எவ்வளவு என்று போஸ்டர் ஒட்டுகிற அதே சுவரில் கணக்கை ஒட்டுங்கள். டி-ஷர்ட் வேண்டாம். குழந்தை படத்தை எடுத்துவிடுங்கள். பணம் போட வருகிறவரிடம் ஒரு கையெழுத்தும் கேளுங்கள். உங்கள் கல்லூரி ஆராய்ச்சியில் மருந்தோ பரிசோதனைக் கருவியோ உருவானால் அது யாருக்கு, எந்த விலைக்குப் போகும் என்று நிர்வாகத்தைக் கேட்கும் கடிதத்துக்கு.

"நிர்வாகம் கோபப்படுமா அக்கா?" என்றாள். படலாம். எங்கள் குழு கடைசி ஆண்டில் ஒரே ஒரு கடிதம் எழுதியது, பதிலே வரவில்லை. ஒரு தடவை எழுதிவிட்டு விட்டுவிட்டோம். யேல் மாணவர்கள் அப்படி விட்டிருந்தால் அங்கேயும் எதுவும் மாறியிருக்காது. அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

நேற்று இரவு புதுப் போஸ்டர் வந்தது. குழந்தை இல்லை. வெள்ளைத் தாளில் நடுவே ஒரு மாத்திரை, கீழே "இதன் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி. 'முடிவு' என்பதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை நூலக வாசலில் மேசை போடுகிறார்களாம். உண்டியல் ஒன்று, கையெழுத்துத் தாள் ஒன்று, பேனா மட்டும் நாலைந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் நாளே காணாமல் போவது அதுதான்.