தாலி கட்டுற நேரத்துல எங்களைத் தள்ளி நிக்கச் சொல்ல நீங்க யாரு?

எங்க வீட்டுக் கல்யாணத்துல, எங்க காசை வாங்கிட்டு வந்து நின்னுக்கிட்டு, எங்களையே "தள்ளுங்க, தள்ளுங்க"ன்னு விரட்டுற உரிமையை இந்த போட்டோகிராபர்களுக்கு யார் கொடுத்தது? தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு, இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கலை.

பாளையங்கோட்டையில மண்டபம், வைகாசி முகூர்த்தம், ஏழரையிலேருந்து ஒன்பதுக்குள்ள தாலி. மணமேடைக்கு முன்னாடி ரெண்டு வீடியோ கேமரா, பக்கவாட்டுல கேமரா ஆடாம இருக்க மாட்டுற கிம்பலோட ஒருத்தர், ஸ்டூல் மேல ஏறி ஒருத்தர், ஃபோகஸ் லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன், போஸ் இல்லாம இயல்பா எடுக்கிற கேண்டிட் படத்துக்கு ரெண்டு பேர். திசையன்விளையிலேருந்தும் அம்பையிலேருந்தும் விடியக்காலை பஸ் பிடிச்சு வந்த சனத்துக்குக் கீழ நாற்காலியிலேருந்து பார்த்தா இவங்க முதுகுதான் தெரியுது. பொண்ணு மாப்பிள்ளை பத்தடியில உக்காந்திருக்காங்க, ஊரே ஓரத்துல இருக்கிற எல்இடி திரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அட்சதையைத் திரையைப் பார்த்தா போடுவாங்க? கையில வச்சுக்கிட்டே முழிச்சாங்க.

எங்க ஆச்சிக்கு எண்பது தாண்டியாச்சு. எங்க சொந்தத்துல யார் வீட்டுக் கல்யாணம்னாலும் முதல் குரவை ஆச்சியோடதுதான். தாலியைக் கையில எடுக்கவும் ஆச்சி மெள்ள எந்திரிச்சு மேடை ஓரத்துக்கு வந்தாங்க. உடனே ஒரு பையன் ஆச்சி தோளைப் பிடிச்சு, "ஆச்சி, ஃப்ரேம்ல வாரீங்க, அங்கிட்டு நில்லுங்க"ன்னு நகர்த்தித் தூணுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டான். பேத்தி கழுத்துல தாலி ஏறினதை ஆச்சி பார்க்கல. மேளச்சத்தம் கேட்டுத்தான் குரவை போட்டாங்க. பக்கத்துல நின்னு நான் கண்ணால பார்த்தேன். எனக்கு அந்த கேமராவைத் தூக்கிக் கீழ போடணும்னு வந்துச்சு. பொண்ணோட அக்கா மேடையில சண்டை போட்டான்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அதோட விட்டாங்களா? கெட்டிமேளம் முழங்கிட்டு இருக்கு, ரெண்டு முடிச்சு விழுந்தாச்சு, மூணாவது முடிச்சு போட மாப்பிள்ளையோட தங்கச்சி கையைக் கொண்டு வருது. "இருங்க மதினி, ஒரு நிமிஷம்"னு நிறுத்துறாரு கேண்டிட் எடுக்கிறவர். "மாப்பிள்ளை, கையை எடுத்துராதீங்க, அப்படியே பொண்ணைப் பாருங்க, லேசா சிரிங்க." ஐயர் நேரம் போகுதுங்கிறாரு. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவா தொடரவான்னு தவில்காரர் முகத்தைப் பார்க்காரு. முகூர்த்த நேரம்னு ஒன்னு குறிச்சுக் கொடுத்து, அதுக்காகத் தேதி மாத்தி, மண்டபம் மாத்தி, லீவு மாத்தி இத்தனை பேர் வந்திருக்கோம். அந்த நேரத்தை ஒரு கேமராக்காரர் கையைக் காட்டி நிறுத்துறாரு!

வந்த பசங்களைத் திட்டி எழுத எனக்கு மனசு வரலை. குத்தம் கடை வச்சிருக்கிற முதலாளிமார் மேல. ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது, புரட்டாசியில அநேகமா கிடையாது. மிச்ச மாசத்துலயும் வளர்பிறை முகூர்த்தம்னா ஊர் முழுக்க அதே தேதிக்குத்தான் அடிச்சுக்குது. இது அவங்களுக்கும் வசதியாப் போச்சு. ஒரே காலையில வண்ணார்பேட்டையில ஒன்னு, திருநெல்வேலி டவுன்ல ஒன்னு, வள்ளியூர்ல ஒன்னுன்னு அட்வான்ஸ் வாங்கிப் போட்டுக்கிறாங்க. அப்புறம் அங்கங்க தெரிஞ்ச பசங்களை நாள் சம்பளத்துக்குப் பிடிச்சு அனுப்புறாங்க. நமக்கு ஆல்பத்தைக் காட்டிப் பேசினவர் வேற, மண்டபத்துல வந்து நின்னவங்க வேற. எங்களுக்கு வந்த பையன்ல ஒருத்தன் தூத்துக்குடியில ராத்திரி ரிசப்ஷன் முடிச்சுட்டு, கண்ணை மூடாம, நேரா எங்க மண்டபத்துக்கு வந்திருக்கான். தாலி கட்டி முடிஞ்சப்புறம் என்கிட்ட வந்து, "அக்கா, பொண்ணோட அம்மா யாரு?"ன்னு கேக்கான். அவனுக்கு எப்படித் தெரியும்? தாய்மாமா யாரு, அத்தைமார் யாரு, யாரை எல்லாம் கட்டாயம் எடுக்கணும்னு பேர், உறவு, படத்தோட நான் எழுதி அனுப்பினது முதலாளியோட வாட்ஸ்அப்லயே கிடக்கு. பையன் கைக்குப் போகவே இல்ல.

எங்க அம்மா கல்யாண ஆல்பம் வீட்டுல இருக்கு. டவுன்ல கடை வச்சிருந்த ஒரு அண்ணாச்சி எடுத்தது. ஒரு ரோலுக்கு 36 படம், கழுவிப் பார்த்தாத்தான் எப்படி வந்திருக்குன்னே தெரியும். அதனால அவர் முதல்ல வந்து தாத்தாகிட்ட உக்காந்து, "தாய்மாமன் யாரு, மூத்த மதினி யாரு, தூரத்துலேருந்து வந்தவக யாரு"ன்னு விசாரிச்சிருக்காரு. அந்த ஆல்பத்துல இன்னைக்கும் ஒவ்வொருத்தரா விரல் வச்சுச் சொல்லலாம். எங்க பெரிய தாத்தாவுக்குன்னு இருக்கிற ஒரே படம் அதுலதான் இருக்கு.

இப்ப எங்களுக்கு லிங்க்ல வந்தது ஆயிரக்கணக்கான படம். வளையல், மருதாணி, மல்லிகைப்பூ, பத்திரிகை, குத்துவிளக்கு, செருப்பு, ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம். செருப்பை மட்டும் வச்சு வச்சு விதவிதமா எடுத்திருக்காங்க. எங்க மாமா கடன் வாங்கி, பட்டும் நகையும் தேங்காய் பழமுமா சீர்த்தட்டு வரிசையோட மேளத்துக்குப் பின்னாடி நடந்து வந்தாரு பாருங்க, அதுக்கு இருக்கிறது ஒத்தப் படம். அதுலயும் லைட் பிடிக்கிற பையன் தலை மாமா முகத்தை மறைக்குது. இவங்களுக்கு இன்ஸ்டாகிராம்ல போட எது ஆகுமோ அதை எடுத்திருக்காங்க. மாமா சீர் கொண்டு வந்தது அதுக்கு ஆகாது போல. ஆச்சி சம்மணம் போட்டு உக்காந்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஆல்பத்துல ஒவ்வொரு ஷீட்டாத் திருப்பிப் பார்த்தாங்க. கடைசி ஷீட் வரைக்கும் பார்த்துட்டு, "ஏட்டி, நானும் கல்யாணத்துக்கு வந்தேன்லா?"ன்னாங்க. இதுக்கு அந்த முதலாளி வந்து பதில் சொல்லட்டும்.

இன்னொன்னு கேக்கணும். என் தங்கச்சி நிறத்தை மாத்த உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தா? அவ கறுப்பு. அழகான கறுப்பு. எங்க அப்பா நிறம், எங்க அப்பத்தா நிறம். ஆல்பத்துல இருக்கிறவ மாவு பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கா. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். மூக்குக்குப் பக்கத்துல சின்ன வயசுலேருந்து இருக்கிற மச்சத்தைக் காணோம். கேட்டா, "எல்லாரும் பிரைட்டா வேணும்னுதான் அக்கா கேப்பாங்க"ங்கிறாரு. நாங்க கேக்கல. ஒரு தடவை கூடக் கேக்கல. எழுதியே அனுப்பினோம், நிறத்தைத் தொடாதீங்கன்னு. அவளோட பிள்ளை நாளைக்கு அந்த ஆல்பத்தைப் பார்த்து, அம்மா இப்படியா இருந்தேன்னு கேட்டா அவ என்ன சொல்லுவா? கறுப்பா இருக்கிறது குறைன்னு ஒரு பொண்ணுக்குக் கல்யாணத்தன்னைக்கும் சொல்லணுமா?

கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கிற அவுட்டோர் ஷூட் தனிக் கொடுமை. மாசி மாசம் சேரன்மாதேவி பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. பிசானப் பட்டத்து நெல்லு கதிர் முத்தி அறுப்புக்கு நிக்குது. லெஹங்காவோட வயலுக்குள்ள இறங்கி நடந்து வரச் சொல்றாங்க! தங்கச்சி மாட்டேன்னுட்டா. லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு இவங்களே உள்ள இறங்கிட்டாங்க. வயல்காரர் ஓடி வந்து திட்டின திட்டுல ஒரு சொல் கூடத் தப்பில்ல. நாலஞ்சு மாசம் தண்ணிக்கும் உரத்துக்கும் அலைஞ்சு வளர்த்த நெல்லு, இவங்க காலுக்கடியில சாயுது. கும்பிட்டு நின்னது நானும் எங்க சித்தப்பாவும். இவங்க காருக்குள்ள ஏசி போட்டு உக்காந்துட்டாங்க.

அப்புறம் அந்த "ட்ரோன் ஃப்ரீ". பணகுடி காத்தாலைப் பக்கம் பறக்க விடப் போறோம்னாங்க. அந்தப் பக்கம் மகேந்திரகிரியில இஸ்ரோ இருக்கு, கூடங்குளத்துல அணு உலை இருக்கு, விஜயநாராயணத்துல கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கு. 2021 ட்ரோன் விதிகள்படி சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வானத்தைப் பிரிச்சு மேப்பே போட்டிருக்காங்க. சிவப்புல மத்திய அரசு அனுமதி இல்லாம பறக்கவே கூடாது. 250 கிராமுக்கு மேல எடை இருக்கிற ட்ரோனைக் காசுக்குப் பறக்க விட பைலட் சான்றிதழும் வேணும். "மேப் பார்த்தீங்களா, சான்றிதழ் யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டேன். "எல்லாரும் விடுறாங்க அக்கா, யாரு கேப்பா"ன்னு பதில். போலீஸ் வந்து கேட்டா மாப்பிள்ளையும் பொண்ணும்ல பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும்? வேண்டவே வேண்டாம்னுட்டேன். பேக்கேஜ்ல அதுக்காக ஒரு ரூபா குறைக்கல. ஃப்ரீயாம்.

காசு விஷயத்துக்கு வாரேன். ஒன்னே கால் லட்சத்துக்குப் பேசினது. பேசி முடிச்சப்புறம் "ஜிஎஸ்டி 18 பர்சென்ட் தனி"ன்னாங்க. சரி, ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கொடுங்கன்னேன். மறுநாளே "உங்களுக்காக ஜிஎஸ்டியை விட்டுடறோம்"னு பேச்சு மாறுது. பதிவே பண்ணாதவங்க வரின்னு சொல்லி ஒத்தப் பைசா வாங்கக்கூடாது. இப்படிக் கேக்காம எத்தனை வீட்டுல கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது. கல்யாணக் கடன்ல ஒவ்வொரு ஆயிரமும் யார் தலையில விழுதுன்னு எனக்குத் தெரியும்.

தாலி கட்டின சாயங்காலமே மண்டபத்துல வச்சு முக்கால்வாசிக்கு மேல வாங்கிட்டாங்க. அதுவரைக்கும் "அக்கா, அக்கா"ன்னு வந்த போன் அதோட நின்னு போச்சு. நாம கூப்பிட்டா எடிட்டிங் போகுது, லேபுல இருக்கு, எடிட்டருக்கு உடம்பு சரியில்ல. மறுவீட்டுச் சொதி சாப்பிட்ட கை ஈரம் காயும் முன்னாடி அவங்க இன்ஸ்டாகிராம் பக்கத்துல மட்டும் தங்கச்சி டீசர் வந்தாச்சு. அதுல அவ அறைக்குள்ள அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்கிற காட்சி! எங்களைக் கேக்கல, மாப்பிள்ளை வீட்டைக் கேக்கல. அவ மாமியார் வீட்டுல அதைப் போன்ல பார்த்துட்டு அவகிட்ட கேட்ட கேள்வியை நான் இங்க எழுத மாட்டேன். எடுத்துருங்கன்னு சொன்னா, "காப்பிரைட் எங்களுது அக்கா"ன்னு எனக்குச் சட்டம் சொல்லுதாரு.

சட்டத்தை நான் படிச்சுட்டுத்தான் எழுதுறேன். 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் சட்டம்), 17ஆவது பிரிவு. ஒருத்தர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் இல்ல. அதனால இவங்க நீட்டுற தாள்ல பொடி எழுத்துல "படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே"ன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. எங்க தாள்ல அப்படி ஒரு வரியும் கிடையாது. அதைச் சொன்னதும் அந்த டீசர் அன்னைக்கு ராத்திரியே காணாமப் போச்சு. அப்ப அவருக்கும் தெரிஞ்சுதானே இருந்திருக்கு!

இப்ப மிச்சக் காசைக் கேட்டு ஆள் அனுப்புறாங்க. நிறத்தைத் தொடாத ஒரிஜினல் ஃபைல் மொத்தமும் ஹார்ட் டிஸ்க்ல வரணும், ஆல்பம் திரும்ப அடிச்சு வரணும், அதுவரைக்கும் கிடையாதுன்னு எழுத்துலயே கொடுத்துட்டேன். வரலைன்னா நுகர்வோர் ஆணையம்தான். ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். கொடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கணும்னும் கட்டாயம் இல்ல. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணினா வழி சொல்லுவாங்க. "நம்ம ஊருக்குள்ள எதுக்கு கேசு"ன்னு சொந்தக்காரங்களே சமாதானம் பேச வாராங்க. நம்ம ஊருக்குள்ள இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமான்னு அவர்கிட்ட போய்க் கேளுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

தை முகூர்த்தத்துக்கு இப்பவே அட்வான்ஸ் கொடுக்கப் போறவங்க, வரப்போற ஆள் யாருன்னு பேரோட தாள்ல எழுதி வாங்குங்க. அந்த ஆளே எடுத்த ஒரு கல்யாணத்தோட முழு ஆல்பத்தையும் கேளுங்க, பொறுக்கி எடுத்த இருபது படத்தைப் பார்த்து மயங்காதீங்க. மெமரி கார்டு ரெண்டுல ஒரே நேரத்துல பதியுற கேமராவான்னு கேளுங்க. ஒரு கார்டு போனா கல்யாணமே போச்சு, திரும்ப எடுக்க முடியாது. தாலி கட்டுறப்போ மேடைக்கு முன்னாடி எத்தனை பேர் நிக்கலாம், எங்க நிக்கலாம்னு பேசி எழுதுங்க. பாதிக் காசுக்கு மேல ஆல்பம் கைக்கு வராமக் கொடுக்காதீங்க. "இதெல்லாம் நம்ம ஊர்ல யாரும் எழுதிக் கேக்க மாட்டாங்க அக்கா"ம்பாங்க. கேளுங்க. எழுத மாட்டேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க, பாளையங்கோட்டையில அடுத்த தெருவுலயே இன்னொரு கடை இருக்கு.