உகரம் ஒட்டவைக்கும் பாகம் அல்ல
ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஓ' (o), 'என்' (n) இரண்டையும் ஒழுங்காக வரையப் பழகினால் எந்த மொழிக்கும் எழுத்துரு செய்யலாம் என்று எழுத்துரு வடிவமைப்பு பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. எழுத்து நிற்கும் கோட்டை வளைவுகள் சற்றுத் தாண்டும்படி வரைவது போன்ற, கண்ணுக்குச் சீராகத் தெரிவதற்கான திருத்தங்கள் தமிழுக்கும் உதவும், சரி. ஆனால் 'என்'னிலிருந்து 'எச்' (h), 'எம்' (m) கிளைப்பதுபோல் இங்கே கிளைக்காது. உகரத்தையே பாருங்கள்: கு, சு, து, ரு நான்கிலும் வடிவம் வேறு வேறு. ஒன்றை வரைந்து எல்லாவற்றிலும் ஒட்ட முடியாது. அப்புறம், தடித்த எழுத்தில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ன போலத் தெரிவதை மாணவர்களின் சுவரொட்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். வரி இடைவெளியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் தானாகத் தரும், எழுத்தளவில் 120 சதவீத வரி இடைவெளியில் ஒரு பத்தி தமிழ் அடித்துப் பாருங்கள். மேல்வரி ழு-வின் வாலும் கீழ்வரி கீ-யின் சுழியும் பல எழுத்துருக்களில் முட்டிக்கொண்டு நிற்கும்.